இரண்டு குடம் தண்ணீர்

மே 8, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். ஆய்வகக் குறிப்பேட்டில் கண்ணால் கண்டதை மட்டுமே எழுத வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். நாட்குறிப்புக்கும் அதே விதி.

என் பெயர் மங்கையர்க்கரசி. வீட்டில் அரசி. ஒன்பதாம் வகுப்பு முடித்துவிட்டேன். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை இரவல் வாங்கி இப்போதே படித்துக்கொண்டிருக்கிறேன். வேதியியல் பகுதியில் பாதி எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே நடக்கிறது.

கொல்லையில் உள்ள தகரக் கொட்டகைதான் அப்பாவின் பட்டறை. சேலத்துக் கொலுசுப் பட்டறைகளில் மிஞ்சும் அரத்தூள், அறுந்த கொலுசு, வெட்டுத் துண்டுகள் எல்லாம் இங்கே வரும். அவற்றில் செம்பும் வேறு அழுக்கும் கலந்திருக்கும். அப்பா ஆசிட்டில் போட்டு எல்லாவற்றையும் கரைப்பார். பிறகு தண்ணீர் சேர்த்துச் செம்புத் தகடுகளைத் தொங்கவிடுவார். தகட்டின்மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு பஞ்சாக வெள்ளி பூத்து அடியில் உதிரும். செம்பு கரைந்து தண்ணீர் நீலமாகும். இதற்குப் புத்தகத்தில் இடப்பெயர்ச்சி வினை என்று பெயர்.

பூங்காவனம் அக்கா பதினோரு வருடமாக இங்கே வேலை செய்கிறார். அவர் இதற்கு வேறு விளக்கம் வைத்திருக்கிறார். "செம்பு பஸ்ஸுல லேட்டா ஏறுன பொம்பள மாதிரி கண்ணு. ஏறுனதும் வெள்ளிய எந்திரிடின்னு சொல்லி உக்காந்துக்கும்."

"இரும்பு ஏறினா?"

"இரும்பு வந்தா செம்பே எந்திரிக்கணும். அவ இன்னும் பெரிய ரவுடி."

அவருடைய விரல் நுனிகள் எப்போதும் கறுப்பு. வெள்ளிக் கரைசல் பட்டால் தோல் கறுத்துவிடும், தேய்த்தாலும் போகாது. மருதாணி வைத்திருப்பதாக எல்லோரிடமும் சொல்வார். வேலை முடிந்ததும் ஒரு தொட்டியில் கை கால் கழுவிவிட்டுத்தான் வெளியே போவார். அந்தத் தண்ணீரைக்கூட நாங்கள் கீழே ஊற்றுவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை அந்தத் தொட்டிச் சேற்றை உருக்கினால் அதிலும் வெள்ளி கிடைக்கும்.

மே 10, புதன்

நல்ல தண்ணீர் ஆறு நாளுக்கு ஒருமுறை விடியற்காலை ஐந்து மணிக்கு வரும். ஒரு மணி நேரம்தான். மற்ற நாளெல்லாம் தெரு அடிபம்பின் உப்புத் தண்ணீர். அது துணி துவைக்க, பாத்திரம் தேய்க்க மட்டும். கொட்டகையில் உள்ள சின்ன டிரம்மில் எப்போதும் நல்ல தண்ணீர்தான் இருக்க வேண்டும். அதை நிரப்புவது போன வருடத்திலிருந்து என் பொறுப்பு. "அரசிகிட்ட குடுத்தா மறுபடி பாக்க வேண்டியதில்ல" என்று சொல்லித்தான் அப்பா கொடுத்தார்.

இன்று சமையலறைக் குடங்களை முதலில் நிரப்பினேன். நடுவில் தாதுக்களிலிருந்து உலோகங்களைப் பிரிக்கும் பாடத்தைக் கொஞ்சம் வாசித்தேன். மிக நல்ல பாடம். பாக்சைட் வரை முடித்தேன்.

ஆறரைக்கு அம்மா, "கொட்டகை டிரம் நிரப்பிட்டியா?" என்று கேட்டாள். நிரப்பிவிட்டேன் என்றேன். டிரம் நிரம்பித்தான் இருந்தது.

உள்ளங்கை இரண்டும் சிவந்திருக்கின்றன.

மே 11, வியாழன்

கொலுசுப் பட்டறை அர்த்தநாரி மாமா இரண்டு கிலோ நானூறு கிராம் சரக்கு கொண்டுவந்தார். மாதிரி எடுத்துப் பார்த்ததில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது கிராம் சுத்த வெள்ளி தேறும் என்று அவரும் அப்பாவும் ஒப்புக்கொண்டார்கள். கிராமத்துப் பழைய கொலுசுகளும் அதில் இருந்தன, ஈயம் வைத்து ஒட்டுப் போட்டவை.

மத்தியானத்துக்குள் எல்லாம் கரைந்துவிட்டது. பழுப்புப் புகை அடங்கிய பிறகு அப்பா ஆசிட் கேன் வாங்க வெளியே போனார். பூங்காவனம் அக்கா டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்ற ஆரம்பித்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்கண்ணு, என்ன இது பாலாட்டம் திரியுது? தண்ணி நல்ல தண்ணிதான?"

"ஆமாக்கா."

"இல்ல, உப்புத் தண்ணி பட்டாத்தான் இப்படிப் பால் கட்டும். நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நான்தானேக்கா நிரப்பினேன்."

"அப்ப சரி. அந்தப் பழைய கொலுசு ஈயமாத்தான் இருக்கும்." வேட்டித் துணியில் வடிகட்டினார். துணியில் தங்கிய வெள்ளை மண்ணைக் கொண்டுபோய், கொல்லையில் கழிவு கொட்டும் சுண்ணாம்புக் குழியில் கொட்டினார். ஈய மண்ணை எப்போதும் அங்கேதான் கொட்டுவோம்.

தலை வலிப்பதால் இன்று இவ்வளவுதான்.

மே 12, வெள்ளி

வெள்ளி குறைகிறது.

உதிர்ந்த வெள்ளியைக் கழுவி, காயவைத்து, உருக்கும் மண் கிண்ணமான மூசையில் அழுக்கைப் பிரிக்கும் வெங்காரம் போட்டு உருக்கி, கட்டியாக ஊற்றி, அப்பா தராசில் வைத்தார். ஆயிரத்து எண்ணூறு. இறக்கிவிட்டு மறுபடி வைத்தார். ஆயிரத்து எண்ணூறு. நூற்றிருபது கிராம் இல்லை. ஐந்து பத்து கிராம் குறைவது உண்டு. இவ்வளவு குறைந்ததே இல்லை.

"நேத்து நான் வெளிய போனப்ப யாரு இருந்தா?"

"நான்தாண்ணா இருந்தேன்" என்றார் பூங்காவனம் அக்கா. "வெள்ளை மண்ணு ஒண்ணு விழுந்துச்சு. ஈயம்னு வடிகட்டிக் கொட்டினேன்."

"ஈயம் ஆசிட்டுல போட்டப்பவே வெளுத்திருக்கும். நான் பாத்தேனே, அப்ப தெளிவாத்தான இருந்துச்சு? தண்ணி ஊத்துனப்புறம் எப்படி வெளுக்கும்? நல்ல தண்ணிக்கு வெளுக்குமா?"

பிறகு அப்பா என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார். நான் பதில் சொன்னேன்.

அதன் பிறகு அம்மா கூப்பிடப்பட்டாள். பூங்காவனம் அக்காவின் டிபன் டப்பா, கூடை, சேலை முந்தானை எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னார் அப்பா. அம்மாவுக்கு விருப்பமில்லை. "கொண்டையையும் அவுத்துப் பாத்துருங்க அண்ணி. பாதியில உட்ராதீங்க" என்று அக்காவே குனிந்து உட்கார்ந்தார். அம்மா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒன்றும் இல்லை.

அக்கா கை கால் கழுவிவிட்டுத் தலையை முடியாமலேயே தெருவில் நடந்து போனார்.

மே 13, சனி

அர்த்தநாரி மாமா வந்தார். அப்பாவைவிட அவர்தான் சத்தம் போட்டார். "மாதேசு, நீ என்னைய ஏமாத்த மாட்ட. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா உங்கூட இருக்கறவ கைய யாரு கண்டா? வர்ற வெள்ளிக்கிழம மாரியம்மன் கோயில்ல கற்பூரத்த ஏத்தி அடிச்சுச் சத்தியம் பண்ணட்டும். பண்ணுனா நான் வாயத் தொறக்கல."

கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குப் பெரிய விஷயம். செய்தவர் தப்பித்துவிடுவார் என்று நான் நினைத்தேன். அம்மா இல்லை என்கிறாள். "சத்தியம் பண்ணக் கூப்பிட்டாங்கன்னாலே பேரு போச்சு. அப்புறம் எந்தப் பட்டறைக்காரன் உள்ள விடுவான்?"

மாமா வாயைத் திறக்காமல் இருக்கவும் இல்லை. இதற்குள் ஐந்து பட்டறைகளில் சொல்லிவிட்டாராம்.

மே 14, ஞாயிறு

ஏழு குடம் தண்ணீர் அடித்தேன். பாத்திரம் எல்லாம் தேய்த்தேன். அம்மா சொல்லாமலேயே செய்தேன். புத்தகம் திறக்கவில்லை.

மே 15, திங்கள்

வடிகட்டிய வேட்டித் துணியைப் பூங்காவனம் அக்கா அன்றே அலசிக் கொல்லைச் சுவரில் காயப்போட்டிருந்தார். நான்கு நாள் வெயில். இன்று அம்மா அதை எடுத்துக்கொண்டு வந்து, "இதுல என்னத்த வடிகட்டுனா அவ? கத்திரிப்பூக் கலர்ல கறை ஏறிக் கெடக்கு. சோப்புக்கும் போவலயே" என்றாள்.

துணியை வாங்கிப் பார்த்தேன். மடிப்புக்குள் வெயில் படாத இடத்தில் மண் வெள்ளையாகவே இருந்தது. வெயில் பட்ட இடமெல்லாம் கத்திரிப்பூ நிறம், ஓரங்களில் கறுப்பு.

ஈயம் வெயிலில் நிறம் மாறாது. வெயிலில் நிறம் மாறும் வெள்ளை மண் புத்தகத்தில் இருக்கிறது. ஒளிச்சிதைவு என்ற தலைப்பில், சில்வர் குளோரைடு. கரைந்த வெள்ளியில் உப்பு சேர்ந்தால் விழுவது அது.

நூற்றிருபது கிராம் எங்கே இருக்கிறது என்று எனக்கு இப்போது தெரியும். சுண்ணாம்புக் குழியில் இருக்கிறது.

மே 16, செவ்வாய்

குழியை மேலாகக் கிளறினேன். சுண்ணாம்புக்கு அடியில் தயிர்க்கட்டி போல இருந்தது. மூன்று கரண்டி எடுத்துக் கண்ணாடி டம்ளரில் போட்டேன். எலுமிச்சைச் சாறு விட்டதும் நுரைத்தது. அது ஒட்டியிருந்த சுண்ணாம்பு. நுரை அடங்கியதும் தண்ணீரை மாற்றி, மறுபடி சாறு விட்டு, எட்டு இரும்பு ஆணிகளைப் போட்டு என் புத்தகப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

செம்பையே எழுப்பிவிடும் இரும்பு வெள்ளியை விட்டுவைக்காது. குளோரினோடு இரும்பு சேர்ந்துகொண்டால் வெள்ளி தனியே விழ வேண்டும்.

விழுந்துவிட்டால் போதும். வெள்ளி கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்லலாம். வேறு எதையும் யாரும் கேட்கமாட்டார்கள்.

மே 17, புதன்

ஆணிகளைச் சுற்றி வெள்ளை எல்லாம் சாம்பலாக மாறியிருக்கிறது.

மே 10ஆம் தேதிக் குறிப்பில் ஒன்றை விட்டுவிட்டேன். விட்டதற்குக் காரணம் மறதி இல்லை. அன்று பாக்சைட் வரை வாசித்து நிமிர்ந்தபோது குழாய் நின்றிருந்தது. டிரம்மில் ஒரு குடம் அளவுதான் தண்ணீர் இருந்தது. அப்பா இன்னும் எழுந்திருக்கவில்லை. தெருவுக்குப் போய் இரண்டு குடம் உப்புத் தண்ணீர் அடித்துக் கொண்டுவந்து ஊற்றினேன். பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தது. கொஞ்சம் உப்பு என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

பூங்காவனம் அக்கா இரண்டு முறை கேட்டார். வெள்ளிக்கிழமை அப்பா ஒரு முறை கேட்டார். மூன்று முறையும் நல்ல தண்ணீர் என்றுதான் சொன்னேன்.

நாளை அப்பாவிடம் சாம்பல் தூளைக் கொடுப்பேன்.

மே 18, வியாழன்

காலையில் தூளைத் தீப்பெட்டியில் போட்டு அப்பாவிடம் கொடுத்தேன். துணியைக் காட்டினேன். புத்தகத்தைக் காட்டினேன். அவர் தூளைச் சின்ன மூசையில் போட்டு, வெங்காரம் தூவி, தீயை ஊதினார். முதலில் கொதித்தது. பிறகு நடுவில் ஒரு சொட்டு உருண்டு பளிச்சென்று நின்றது. மிளகைவிடக் கொஞ்சம் பெரியது.

"அடிப்பாவி மகளே!" என்று அப்பா என் தலையைப் பிடித்து ஆட்டினார். அவர் சிரித்து ஒரு வாரம் ஆகிறது.

மத்தியானத்துக்குள் குழியிலிருந்து எல்லாவற்றையும் அள்ளிவிட்டோம். பெரிய தொட்டியில் இரும்புத் துண்டும் ஆசிட்டும் போட்டு அப்பா வேகமாக முடித்துவிட்டார். நூற்றுப் பன்னிரண்டு கிராம். அர்த்தநாரி மாமாவுக்கு ஆள் அனுப்பினோம்.

அவர் கட்டியைக் கையில் உருட்டிப் பார்த்தார். "பொண்ணு படிச்சது வீண் போகலப்பா. சரி, குழியில இருந்துச்சா?"

"குழியில."

"அப்ப நான் நெனச்சதுதான். கையில எடுத்துட்டுப் போனா மாட்டிக்குவோம்னு அவளுக்குத் தெரியும். குழியில கொட்டி வெச்சு, நாலு நாள் கழிச்சு அள்ளிக்கலாம்னு இருந்திருக்கா. வெள்ளையாக்கி மறைச்சிருக்கா பாரு! கெட்டிக்காரிதான்."

அப்பாவின் சிரிப்பு நின்றது. "அவ அப்படிப்பட்டவ இல்லீங்க" என்றார். ஆனால் கேள்வி கேட்பது போலத்தான் சொன்னார்.

"அப்பறம் எப்படி வெள்ளையாச்சு? நல்ல தண்ணி டிரம்முல உப்பு எங்கிருந்து வந்துச்சு? அவதான கை நெறைய உப்பப் போட்டிருக்கணும்?"

மூன்று பேரும் கொட்டகையில் நின்றோம். நான் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறந்தேன். அப்பா, "அரசி, நீ உள்ள போ கண்ணு. இது பெரியவங்க பேச்சு" என்றார். நான் போய்விட்டேன்.

அவர் போகச் சொன்னதால் போனேன் என்று எழுத நினைத்தேன். அது உண்மை இல்லை.

வெள்ளியைக் கண்டுபிடித்துக் கொடுத்து அக்காவின்மேல் இன்னும் பெரிய பழியைச் சுமத்திவிட்டேன். இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா எனக்காக முட்டைப் பொரியல் செய்திருந்தாள்.

மே 19, வெள்ளி

காலை ஒன்பது மணிக்குக் கோயில். நானும் வருகிறேன் என்றேன். அம்மா வேண்டாம் என்றாள். பின்னாலேயே போனேன்.

பூங்காவனம் அக்கா ஈரச் சேலையோடு வந்திருந்தார். அவருடன் யாரும் வரவில்லை. அர்த்தநாரி மாமாவுடன் நான்கைந்து பட்டறைக்காரர்கள் வந்திருந்தார்கள். பூசாரி தட்டில் கற்பூரத்தை வைத்துத் தீக்குச்சியைத் தேடினார்.

அர்த்தநாரி மாமா, "உப்பு நான் போடல, வெள்ளிய நான் மறைக்கல, அப்படின்னு சொல்லி அடிக்கணும்" என்றார்.

"சொல்றேன். பத்த வெய்யி சாமி" என்றார் அக்கா. கறுத்த விரல்களால் முந்தானையை இழுத்துச் செருகினார்.

பூசாரி குச்சியை உரசினார். அது பற்றவில்லை. இரண்டாவது குச்சியை எடுத்தார். நான் முன்னால் போய்விட்டேன்.

"உப்புத் தண்ணி நான்தான் ஊத்தினேன்."

எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்தது. பிறகு நிறுத்த முடியவில்லை. குழாய் நின்றதை, அடிபம்பை, இரண்டு குடத்தை, அக்கா கேட்டதை, அப்பா கேட்டதை, எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. தட்டில் இருந்த கற்பூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னப் புள்ள, பயத்துல ஏதோ ஒளறுது" என்றார் அர்த்தநாரி மாமா.

அக்கா என் பக்கம் வந்தார். அடிப்பார் என்று நினைத்து நின்றேன். அடிக்கவில்லை.

"ரெண்டு தடவ கேட்டேன்ல கண்ணு?"

"ஆமாக்கா."

"என் கண்ணுக்குத் தெரிஞ்சத விட்டுட்டு உன் பேச்ச நம்புனேன்." பிறகு மாமாவிடம் திரும்பினார். "எத்தன பட்டறையில சொன்னீங்க?"

அப்பாதான், "அஞ்சு" என்றார்.

"அந்த அஞ்சு பட்டறையிலயும் இந்தப் புள்ள வந்து சொல்லணும். இப்ப சொன்ன மாதிரியே. நான் கூடவே நிப்பேன்."

அப்பா, "நான் கூட்டிட்டு வர்றேன்" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்பா என்னிடம் பேசவில்லை. மாலையில் கொட்டகை டிரம்மைக் கவிழ்த்துக் கழுவி, குப்புற வைத்தார்.

மே 20, சனி

காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். அப்பா முன்னால், நான் நடுவில், பூங்காவனம் அக்கா பத்தடி பின்னால். போவதற்கு முன் அப்பாவிடம் ஒரு சின்னப் பாட்டிலில் வெள்ளிக் கரைசல் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் ஊற்றிக் கொடுத்தார். இரண்டு நாளில் அவர் எனக்காகச் செய்த முதல் காரியம்.

முதல் பட்டறையில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பட்டறைக்காரர் கேட்டுவிட்டு, "சரி பாப்பா, போ" என்றார். இரண்டாவது இடத்தில் கொலுசு கோக்கும் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள். மூன்றாவது இடத்தில் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள், முதலாளியின் மனைவி கேட்கவில்லையாம். நான்காவதில் எனக்கு மோர் கொடுத்தார்கள். அக்காவுக்குக் கொடுக்கவில்லை. நான் குடிக்கவில்லை.

ஐந்தாவது பட்டறை பெரியது, வெள்ளியை அங்கேயே சுத்தம் செய்கிறார்கள். முதலாளி நாற்காலியில் சாய்ந்தபடி முழுவதையும் கேட்டார். பிறகு அப்பாவிடம் சொன்னார்: "மாதேசு, உம்புள்ளையே வந்து பழிய ஏத்துக்குதுன்னா, அந்தப் பொம்பள எப்படிப் பேசி மயக்கி வெச்சிருப்பா? பால் கட்டுச்சாம், உப்புத் தண்ணியாம். ரெண்டு குடம் தண்ணியில நூத்திருபது கிராம் போயிருமா? யார் காதுல பூ சுத்தறீங்க?"

அப்பா தலைகுனிந்தார். அக்கா வாசலுக்கு வெளியே நின்றிருந்தார், எல்லாம் கேட்டிருக்கும்.

"உங்க குடிக்கிற கேன் தண்ணி ஒரு டம்ளர் குடுங்க" என்றேன். "உங்க போர் குழாய்த் தண்ணி இன்னொரு டம்ளர். உங்க ஆளே புடிச்சுட்டு வரட்டும்."

அவர் சிரித்தார். ஆனாலும் கொண்டுவரச் சொன்னார். இரண்டும் கண்ணாடி டம்ளர்கள். மேசைமேல் வைத்தபோது எது எதுவென்று யாராலும் சொல்ல முடியவில்லை. நான் பாட்டிலைத் திறந்து முதல் டம்ளரில் நான்கு சொட்டு விட்டேன். தெளிவாகவே இருந்தது. இரண்டாவதில் விட்டேன்.

முதல் சொட்டு இறங்கும்போதே பின்னால் வெள்ளைப் புகை போல இழுத்துக்கொண்டு போனது. நான்காவது சொட்டில் டம்ளர் முழுவதும் பால். கம்பி அறுக்கிறவர்கள், கொலுசு பற்றவைக்கிறவர்கள் எல்லோரும் எழுந்து வந்து மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இதுல உப்பு யாருங்க போட்டாங்க?" என்று கேட்டேன்.

என் விரலில் கரைசல் பட்டுவிட்டது. இதை எழுதும்போது நுனி கறுக்க ஆரம்பித்திருக்கிறது.

முதலாளி டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தன் ஆட்களில் ஒருவரிடம், "போன மாசம் நமக்கு வெள்ளி குறைஞ்சதே, அப்ப எந்தத் தண்ணி ஊத்துனீங்க?" என்று கேட்டார். அவர் போர் குழாய் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து வாசல் வரை வந்தார். "பூங்காவனம், உள்ள வாம்மா. திங்கக்கிழமையில இருந்து இங்க வேலைக்கு வர்றியா? தண்ணி, ஆசிட்டு, எல்லாம் உன் பொறுப்பு."

அக்கா உள்ளே வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேங்க" என்றார்.

திரும்பி வரும்போது அவர் பின்னால் நடக்கவில்லை, எங்கள் பக்கத்திலேயே நடந்தார். அவர் வீட்டுத் தெரு திரும்பும் இடத்தில் அப்பா நின்றார்.

"என்னைய மன்னிக்கச் சொல்லல. திங்கக்கிழம நம்ம கொட்டகைக்கு வருவியா?"

"இன்னைக்கு ரெண்டு பேரு கேட்டிருக்கீங்க" என்றார் அக்கா. "பதினோரு வருசத்துல எனக்கு இப்படி ஒரு நாள் வந்ததில்ல. நான் நிதானமாப் பாத்துத்தான் சொல்லுவேன்."

அப்பா சரி என்றார். அக்கா என்னைப் பார்க்காமலேயே போய்விட்டார். அதைக் குறையாக எழுதவில்லை, நடந்ததால் எழுதுகிறேன்.

நாளை மறுநாள் திங்கள். அவர் வந்தாலும் எழுதுவேன், வராவிட்டாலும் எழுதுவேன். அம்மா விளக்கை அணைக்க வருகிறாள்.